பயந்தது பொய்யில்லை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே எழுத்தில் தரப்படுகின்றது.)

 

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. உயர்தரத்தோட படிப்பு நிண்டு போச்சு. இப்ப பக்டரியில மெஷினோட நிக்கிறவன். மெஷின் சத்தத்துக்கு மேலால கத்திக் கதைச்சுப் பழகினதால, மைக் இல்லாட்டிலும் சமாளிப்பன் எண்டு நினைச்சுத்தான் தலைவர் அண்ணை என்னைப் பிடிச்சவரோ தெரியாது.

விசயம் இதுதான். கோடை விடுமுறையில சங்கத்தால பிள்ளைகளை ஹம்ப்ரன் கோர்ட் மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். திரும்பி வரேக்க பஸ்ஸுக்குள்ள ஒரு பிள்ளையாவது எட்டாவது ஹென்றி மன்னனைப் பற்றிக் கதைக்கேல்லை. எல்லாம் பேய்க் கதைதான். அடுத்த கிழமை இரண்டு மூன்று அம்மாமார் ரெலிபோன் எடுத்து, "தம்பி, பிள்ளை இரவில லைற் நிப்பாட்ட விடுறானில்லை. அங்க உண்மையாய் என்னதான் இருக்கு?" எண்டு கேட்டவை. அந்தக் கேள்விக்கு "ஒண்டுமில்லை, போய்ப் படு" எண்டு மறுமொழி சொல்லுறது லேசு. ஆனால் அது சரியான மறுமொழி இல்லை எண்டதுதான் என்ரை இண்டைய பேச்சு.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். லண்டனின் தென்மேற்கில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த மாளிகை. வாட்டர்லூவில் ரயில் ஏறினால் கடைசித் தரிப்பு. கிங்ஸ்ரன், சேர்பிட்டன், ரொல்வேர்த் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. கர்தினால் வூல்சி என்பவர் 1514 இல் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இதைக் கட்டத் தொடங்கினார். பிறகு எட்டாவது ஹென்றியின் கைக்குப் போனது. 1838 இல் விக்ரோறியா மகாராணி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து சனம் போய்ப் பார்க்கிற இடமாக இருக்கிறது.

இந்த மாளிகையில் பேய்க்குப் பஞ்சமில்லை. ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் 1537 ஒக்ரோபர் 12 ஆந் திகதி இங்கேதான் மகனைப் பெற்றார், பன்னிரண்டு நாள் கழித்து இங்கேயே இறந்து போனார். அவர் மெழுகுதிரியோடு படிக்கட்டில் வருகிறாராம். அந்த இளவரசனை வளர்த்த சிபில் பென் என்ற தாதி 1562 இல் இறந்தவர். 1829 இல் அவருடைய கல்லறை இருந்த பழைய கோயிலை இடித்த பிறகு, சுவருக்குள்ளே இராட்டினம் சுத்துகிற சத்தம் கேட்டதாம். இது இரண்டாவது கதை.

எல்லாவற்றிலும் பெரிய கதை கதரின் ஹவார்டின் கதை. ஹென்றியின் ஐந்தாவது மனைவி. 1540 ஜூலை 28 இல் கலியாணம். 1541 நவம்பரில், கலியாணத்துக்கு முந்தியும் பிந்தியும் வேறு ஆண்களோடு தொடர்பு வைத்தார் என்று குற்றஞ்சாட்டி இந்த மாளிகையில் அடைத்து வைத்தார்கள். 1542 பெப்ரவரி 13 இல் லண்டன் கோபுரக் கோட்டையில் தலையை வெட்டினார்கள். அப்போது அவருக்கு இருபது வயது மட்டில்தான் இருக்கும். காவலிலிருந்து தப்பி, தேவாலயத்தில் செபித்துக்கொண்டிருந்த அரசனிடம் உயிர்ப்பிச்சை கேட்க ஒரு நீண்ட நடைக்கூடம் வழியாகக் கத்திக்கொண்டு ஓடினாராம். காவலர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்களாம். அந்தக் குரல் இன்றும் கேட்கிறதாம். அந்த நடைக்கூடத்துக்கு இப்போது பெயரே பேய் நடைக்கூடம்தான். அந்தக் காலத்துப் பதிவுகளில் இந்த ஓட்டம் இல்லை. பின்னால் வந்தவர்கள் சொன்ன கதை அது.

கதை எண்டால் விட்டுவிடலாம். ஆனால் 1999 இல், வெவ்வேறு சுற்றுலாக் குழுக்களில் வந்த இரண்டு பெண்கள் அந்த நடைக்கூடத்தில் ஒரே இடத்தில் மயங்கி விழுந்தார்கள். வேறு சிலருக்குத் திடீரென்று குளிர்ந்தது, ஆரோ பின்னால் நிற்கிறது போல இருந்தது. இவர்கள் எல்லோரும் பொய் சொல்லுகினமோ? இல்லை. அப்ப என்ன நடந்தது? இதைக் கண்டுபிடிக்கத்தான் மாளிகை நிர்வாகம் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டது.

வந்தவர் ஹேர்ட்போர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ரிச்சார்ட் வைஸ்மனும் அவருடைய குழுவினரும். இவை மந்திரக்கோல் கொண்டு வரேல்லை. வெப்பத்தைப் படம் பிடிக்கிற கமெரா, காந்தப்புலம் அளக்கிற கருவி, இவற்றோடு முக்கியமான இன்னொரு சாமானும் கொண்டு வந்தவை: கடதாசியும் பென்சிலும்.

அவை செய்த வேலையைக் கவனியுங்கோ. பார்வையாளர்கள் 600 பேருக்கு மேல் சேர்த்தார்கள். உங்களுக்குப் பேயில் நம்பிக்கை உண்டா, இந்த மாளிகையில் எங்கே பேய் இருக்கிறதென்று முந்திக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டு எழுதினார்கள். பிறகு ஆளுக்கொரு வரைபடம் கொடுத்து, "நடந்து பாருங்கள், ஏதாவது வித்தியாசமாக உணர்ந்தால் அந்த இடத்தில் புள்ளடி போடுங்கள்" என்றார்கள். ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பயப்படுத்தவும் இல்லை. நடந்தவர் தன் கையால் புள்ளடி போட்டார், அவ்வளவுதான்.

முடிவுகள் 2003 இல் பிரித்தானிய உளவியல் சஞ்சிகையில் வந்தன. முதலாவது, பேயை நம்புகிறவர்கள் நம்பாதவர்களை விடக் கூடுதலாகப் புள்ளடி போட்டிருந்தார்கள். இதை நாங்களே ஊகிச்சிருப்பம். இரண்டாவதுதான் ஆச்சரியம். பேய் இருக்கிறதென்று பெயரெடுத்த இடங்களில்தான் கூடுதலான புள்ளடிகள் விழுந்தன. அந்தக் கதைகளை முந்திக் கேள்விப்பட்டிருந்ததுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கவில்லை. அதாவது, "கதையைக் கேட்டுப்போட்டுத்தான் பயப்பிடுதுகள்" எண்டு நாங்கள் சொல்லுற வழக்கமான மறுமொழி அங்க எடுபடேல்லை.

அப்ப பேய்தானோ? அவசரப்படாதேங்கோ. மூன்றாவது முடிவு இருக்கு. சனம் புள்ளடி போட்ட இடங்களையும் கருவி அளந்த அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காந்தப்புலம் ஏறி இறங்குகிற இடங்களோடு அந்தப் புள்ளடிகள் பொருந்தி வந்தன. நடைக்கூடத்தில் திடீர்க் குளிர் வருகிறதென்று சொன்ன இடங்களில், கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்த பழைய கதவுகளின் நீக்கலால் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அதே குழு ஸ்கொட்லாந்தில், எடின்பரோ நகரத்தில் 1788 இல் திறந்த பாலமொன்றின் அடியிலிருக்கிற நிலக்கீழ் அறைகளிலும் இதே மாதிரிப் பார்த்தது. அங்கே அறையின் அளவும் வெளிச்சத்தின் அளவும் சம்பந்தப்பட்டிருந்தன.

காந்தப்புலம்தான் பேயைக் காட்டுது எண்டு அவை சொல்லேல்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதுக்குக் காரணமென்று ஆகிவிடாது. அவர்கள் சொன்னது இவ்வளவுதான்: மனிசர் உணர்ந்தது உண்மை. உணர்ந்ததுக்குக் காரணம் அந்த இடத்திலேயே இருக்கலாம். குளிர், இருட்டு, காற்று, சுவர். தேடிப் பாருங்கள்.

தம்பிமார் கை தூக்கிறது தெரியுது. "அண்ணை, அந்த வீடியோ?" 2003 ஒக்ரோபரில் மாளிகையின் தீயணைப்புக் கதவு ஒன்று திரும்பத் திரும்பத் திறந்துகொண்டது. பாதுகாப்புக் கமெராவைப் பார்த்தால், நீண்ட அங்கி போட்ட ஓர் உருவம் வந்து கதவைச் சாத்துகிறது. டிசம்பரில் அதை வெளியிட்டபோது உலகம் முழுக்கப் பரவியது. மாளிகையின் வழிகாட்டிகள் பழைய காலத்து உடுப்புப் போடுகிறவர்கள்தான், ஆனால் அப்படியொரு உடுப்பு அவர்களிடம் இல்லை என்று நிர்வாகம் சொன்னது. என்ரை அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரு வீடியோ ஒரு ஆராய்ச்சி இல்லை. 600 பேர் போட்ட புள்ளடியில நம்பிக்கை வைக்கலாம். ஒரு அங்கியில நம்பிக்கை வைக்கிறதுக்கு அந்த அங்கிக்குள்ள ஆள் இல்லை எண்டு முதல்ல காட்டோணும்.

இப்ப என்ரை தொழிலோட சம்பந்தப்பட்ட கதைக்கு வாறன். இது மாளிகைக் கதை இல்லை, வேலைத்தலத்துக் கதை. ஆனால் பேய் வீடுகளை ஆராய்கிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லுகிற கதை.

விக் ரான்டி என்ற இங்கிலாந்துப் பொறியியலாளர் 1980களில் வைத்திய உபகரணங்கள் செய்கிற ஒரு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அந்த ஆய்வுகூடத்தில் பேய் இருக்கிறதென்று கதை. துப்புரவு செய்ய வந்த பெண்ணொருவர் பயந்துபோய் வேலையை விட்டு வெளிக்கிட்டார். ஒருநாள் இரவு ரான்டி தனிய இருக்கும்போது உடம்பு குளிர்ந்து வேர்த்தது. கடைக்கண்ணில் சாம்பல் நிறமாக ஒன்று தெரிந்தது. திரும்பினார், காணவில்லை. மனுசன் பயந்து வீட்டை போயிற்றார்.

அடுத்த நாள் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன்னுடைய வாளைத் திருத்தக் கொண்டுவந்தார். வாளை வைசில் இறுக்கிப்போட்டுப் பார்த்தால், ஒருவரும் தொடாமல் அலகு தன்பாட்டில் நடுங்குகிறது. வேறை ஆள் எண்டால் தாயத்துக் கட்டப் போயிருப்பான். இவர் வைசைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். அறையின் நடுவில் நடுக்கம் கூட, ஓரத்துக்குப் போகப் போகக் குறைவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இப்பவே பிடித்திருப்பீர்கள். நின்ற அலை! புதிதாகப் பூட்டின காற்று வெளியேற்றும் விசிறி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 19 அதிர்வு போட்டுக்கொண்டிருந்தது. 20 க்குக் கீழே எங்கட காதுக்குப் பொதுவாகக் கேளாது. அந்த அறையின் நீளம் 30 அடி மட்டில், அந்த அலைநீளத்தில் சரி பாதி. விசிறி பூட்டின இடத்தைத் திருத்தினார்கள். நடுக்கம் நின்றது, பேயும் நின்றது. 1998 இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

பக்டரியில நிக்கிறவைக்கு இது புதினமில்லை. காதுக்குக் கேக்காட்டிலும் காலுக்குத் தெரியும். மெஷின் நிப்பாட்டின பிறகுதான் நெஞ்சில இருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருக்கும். இதை மேற்பார்வையாளருக்குச் சொன்னால் "உனக்குத்தான் ஏதோ பிரச்சினை" எண்டுவார்.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கு. பிறகு லண்டனில் பேராசிரியர் கிறிஸ் பிரெஞ்சும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அறையைக் கட்டி, காதுக்குக் கேளாத ஒலியையும் காந்தப்புலத்தையும் தாங்களே அதற்குள் விட்டுப் பார்த்தார்கள். 79 பேர் தனித்தனியே அதற்குள் இருந்தார்கள். 2009 இல் முடிவு வந்தது. பலருக்கு விசித்திரமான உணர்வுகள் வந்தன. ஆனால் ஒலியும் காந்தமும் இருந்ததுக்கும் இல்லாததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை! "இங்கே ஏதாவது உணரலாம்" என்று முந்தியே சொல்லிவிட்டதுதான் வேலை செய்திருக்கிறது போல என்று அவர்களே எழுதினார்கள். தங்கட கருத்தைத் தாங்களே சோதிச்சு, பிழைச்சால் பிழைச்சுது எண்டு எழுதினவை. சாமியாடிகளிட்டை நான் காணாத குணம் இது.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் வந்த புத்தி என்று நினைக்கவேண்டாம். ஆபிரகாம் கோவூரை எங்கட மூத்தவர்களுக்குத் தெரியும். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, 1978 இல் கொழும்பில் காலமானவர். பேய் வீடு, தானாகக் கல் விழுகிற வீடு என்று கேள்விப்பட்டால் நேரே போய் விசாரிப்பார். வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆறுதலாகக் கதைப்பார். மோசடி இல்லாமல் அற்புதசக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவேன் என்று சவால் விட்டவர். அந்தக் காசை ஒருவரும் வாங்கவில்லை. அவர் விசாரித்த வீடுகளில் கல் எறிந்தது பல தடவை அந்த வீட்டிலேயே மனக்கவலையில் இருந்த ஒரு பிள்ளையின் கை. அந்தப் பிள்ளைக்கு அடி விழாமல் பார்த்துக்கொண்டு, கவலையைத் தீர்க்கத்தான் வழி சொல்லுவார்.

இதையெல்லாம் ஏன் இந்த மண்டபத்தில் சொல்லுகிறேன்? இனிச் சொல்லப்போகிற விசயத்துக்காகத்தான்.

1921 இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் ஒரு குடும்பத்தின் கதையை வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். 1912 இல் அந்தக் குடும்பம் ஒரு பழைய பெரிய வீட்டுக்குக் குடிவந்தது. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தலையிடி, களைப்பு. ஆளில்லாத மாடியில் காலடிச் சத்தம். கட்டில் காலடியில் ஆரோ நிற்கிறார்கள். பிள்ளைகள் வெளிறிப் போனார்கள், சாடியிலிருந்த பூமரங்கள் கூடப் பட்டுப்போயின. கடைசியில் அடுப்பைச் சோதித்தார்கள். வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு பழுதாகி, புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளே வந்துகொண்டிருந்தது. காபனோரொட்சைட்டு! நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அடுப்பைத் திருத்தினார்கள், பேய்கள் போய்விட்டன.

எனக்குத் தெரிந்த எங்கட குடும்பம் ஒன்று. பெயர் வேண்டாம். கடைக்கு மேலே வாடகை அறை. குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு விடிய எழும்பத் தலையிடி, சத்தி. பின்னேரத்தில் குசினிக்குள் ஆரோ நிற்கிறது போல. வெளியே கோயிலுக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் அதே கதை. அதனாலேயே எல்லோரும் "பேய்தான், கோயிலுக்குப் போனால் விட்டுப் போகுது" எண்டு முடிவு கட்டிச்சினம். பேப்பரில விளம்பரம் போட்ட ஒருத்தர் கழிப்புக் கழிக்க 400 பவுண்ஸ் வாங்கினவர். மாமியார் அந்தப் பெண்ணை ஏசினதுதான் மிச்சம். பிறகு கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லி, காஸ் பொறியியலாளர் வந்து பார்த்தார். பொயிலரின் புகைக்குழாய் கழன்றிருந்தது. அந்த இடத்திலேயே பொயிலரை நிப்பாட்டி, பாவிக்கக்கூடாது என்று துண்டு ஒட்டினார். வீட்டுக்காரர் வருசக்கணக்காக ஒரு சோதனையும் செய்விக்கவில்லை. தாயும் பிள்ளையும் தப்பியது பெரும் புண்ணியம்.

பாருங்கோ, அந்தப் பெண் சொன்னது ஒண்டும் பொய்யில்லை. வீட்டுக்குள்ள அவவைக் கொல்லுறதுக்கு ஒண்டு இருந்தது. அதைப் பேய் எண்டு சொன்னவையும் பிழை, "உனக்கு விசர்" எண்டு சொன்னவையும் பிழை. இரண்டு பேரும் தேடிப் பாக்கேல்லை. அதுதான் பிழை.

ஆகவே சகோதர சகோதரிகளே, இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். வாடகை வீட்டில் காஸ் உபகரணங்களை வருசத்துக்கு ஒருக்கால், காஸ் சேவ் பதிவு உள்ளவரைக் கொண்டு சோதிப்பிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபர் 1 முதல், பொயிலர் போன்ற நிலையான எரி உபகரணம் இருக்கிற வாடகை அறைகளில் காபனோரொட்சைட்டு அலாரம் பூட்டியிருக்கவேண்டும். கேட்கப் பயப்படாதீர்கள். விசா இருக்கோ இல்லையோ மூச்சு எல்லாருக்கும் ஒண்டுதான். சந்தேகம் வந்தால் யன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999 க்கு அடியுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆராவது மயங்கினால் 999.

இரவு வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சொல். விடியப் படுத்து, பாதி நித்திரையில் முழிப்பு வந்து, கை கால் அசைக்கேலாமல், நெஞ்சில் ஆரோ ஏறி இருக்கிறது போல வருகிறதா? ஊரில் அமுக்குவான் என்போம். மூளை முழித்து உடம்பு முழிக்காத நிலை அது. நித்திரை குழம்பினவர்களுக்குக் கூடுதலாக வரும். ஒன்று இரண்டு நிமிசத்தில் தானாக விடும்.

இன்னுமொன்று, இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லவேண்டும். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் கண்ணால் காணக்கூடாததைக் கண்டு வந்தவர்கள். செத்துப்போன மகன் வாசலில் நிற்கிறான், தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று சிலர் சொல்லுவார்கள். அவர்களுக்கு நான் காந்தப்புலம் பற்றிச் சொல்லப்போவதில்லை. உறவை இழந்தவர்கள் பலருக்கு இப்படி வருவது உண்டு. அது விசரும் இல்லை, பேயும் இல்லை. பக்கத்தில் இருந்து கேளுங்கள். நித்திரையையும் சாப்பாட்டையும் அது கெடுத்தால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். கழிப்புக்குக் குடுக்கிற காசுக்கு அவருக்கு ஒரு நல்ல கம்பளி உடுப்பு வாங்கிக் குடுங்கோ.

அம்மாமார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிள்ளை திரும்பவும் ஹம்ப்ரன் கோர்ட்டைப் பற்றிக் கேட்டால், பேய் இல்லை என்று வாயை அடைக்கவேண்டாம். அந்த நடைக்கூடத்தில் குளிர்வது உண்மை என்று சொல்லுங்கள், குளிருக்குக் காரணம் கதவு என்றும் சொல்லுங்கள். அதோடு, இருபது வயது மட்டில் ஒரு பெண்ணை அரசன் ஒருவன் கொன்றான் என்பதையும் சொல்லுங்கள். பேய்க்குப் பயப்படுகிற பிள்ளைக்குக் கதரின் ஒரு சத்தம் மட்டும்தான். அந்தப் பெண்ணின் கதை தெரிந்த பிள்ளைக்கு அவள் ஒரு மனிசி. நீதி மறுக்கப்பட்ட ஒருவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பிறக்கிற சித்திரையில் உங்கள் எல்லோருடைய வீட்டிலும் பொயிலர் ஒழுங்காக எரியவும், பிள்ளைகள் பயமில்லாமல் நித்திரை கொள்ளவும் வாழ்த்தி விடைபெறுகிறேன்.